சோளக்காட்டில் இறங்கிய ஏரோப்ளான்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஏரோப்ளான் இறங்கியது என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் வயதுக்காரர்களான உங்களுக்கு நான் சாட்சி தேட வேண்டியதில்லை. உங்களில் பாதிப்பேர் அன்றைக்கு அந்த மைதானத்தில் நின்றவர்கள்தான். கல்யாண வீட்டிலும் துட்டி வீட்டிலும் என்னைக் கண்டால் இன்னும் "ஆகாசத்துல போனவ வந்துட்டா" என்று கேலி பேசுகிறீர்கள். நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவேன். பெருமையில் போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். வெட்கத்தில் போகிறேன்.

சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் வண்டிப்பாதை ஓரத்தில் எங்களுக்கு ஒரு மானாவாரிக் காடு இருந்தது. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வெறும் கொழிஞ்சிச் செடி. பெரிய யுத்தம் தொடங்குவதற்கு முன்னால், மலை மேலே தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஏரோப்ளான் இறக்க ஒரு மட்டமான இடம் தேவைப்பட்டது. அப்பா அந்தக் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஊர் சிரித்தது. சோறு போடுகிற மண்ணைத் தகரப் பறவைக்குக் கொடுத்துவிட்டான் என்றார்கள். அதிகமாகச் சிரித்தவர் சின்னமனூர் மாமா, என் அத்தையின் புருஷன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முதலில் மோட்டார் கார் வாங்கியவர் அவர்தான். "மச்சான் நெலத்துல காக்கா எறங்கப் போகுதாம்ல" என்று ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் சொன்னார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

கம்பெனியிடம் அப்பா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். என்றைக்காவது ஒரு நாள் தன்னையும் தன் சம்சாரத்தையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். கம்பெனியும் சரி என்றது.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ள அப்பா தன் பங்காளி ஒருவரை வைத்தார். ஒன்றுவிட்ட தம்பி முறை. நாங்கள் சின்னையா என்போம். ஊர் அவருக்குக் கொடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டது. கல் பொறுக்கி, கரையான் புற்றை இடித்து, மாடு இறங்காமல் முள் அடைத்து அந்த இடத்தை அவர் தலைவாரி விட்டது போல வைத்திருந்தார். நடுவில் சுண்ணாம்பு அடித்த கற்களால் பெரிய வட்டம். ஒரு மூலையில் உயரமான மூங்கில், அதன் உச்சியில் இரண்டு பக்கமும் வாய் திறந்த துணிப்பை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று அதைப் பார்த்து ஏரோப்ளான் ஓட்டுகிற துரை தெரிந்துகொள்வார். எங்களுக்கு அது காத்துப்பை.

ஏரோப்ளான் மேலே வட்டமடிக்கும்போது சின்னையா வெள்ளைத் துணியை ஆட்டினால் தரை சுத்தம், வரலாம் என்று அர்த்தம். சிவப்புத் துணி என்றால் மாடோ ஆளோ குறுக்கே இருக்கிறது, வராதே. இந்தப் பாஷை எங்கள் ஊருக்கே தொற்றிக்கொண்டது. தூரத்துக் காட்டில் களை எடுக்கும் ஆட்களைக் கஞ்சி குடிக்கக் கூப்பிட வெள்ளை வேட்டியை ஆட்டுவார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார், இந்தப் பக்கம் தலை காட்டாதே என்றால் எங்களில் ஒருத்தி சிவப்புப் பாவாடையை உயர்த்திக் காட்டுவாள்.

தை பிறந்து காற்று அடங்கினால் ஏரோப்ளான் வர ஆரம்பிக்கும். தோட்டத்துப் பெரிய துரையை மதுரையிலிருந்து கொண்டுவந்து விடும், தபால் பை ஏற்றிக்கொண்டு போகும். ஓட்டுகிற துரைக்குச் சின்ன வயது, மூக்கெல்லாம் செம்புள்ளி. அவர் பின்னால் திறந்த குழியில் காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு முன்னால், எந்திரத்தை ஒட்டி, சன்னல் வைத்த சின்ன அறை. அதற்குள்தான் ஆட்கள். வெயிலில் காய்ந்த பெட்ரோல் வாடையும் சூடான எண்ணெய் வாடையும் கலந்து அதைச் சுற்றி ஒரு மணம் நிற்கும். தலை கிறுகிறுக்கும், ஆனாலும் விட்டு நகர மனசு வராது. பெட்ரோல் வந்த தகர டின்களைச் சின்னையா சம்சாரம் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தண்ணீர் எடுக்க வைத்துக்கொண்டாள். எத்தனை தேய்த்தும் அந்தத் தண்ணீரில் ஏரோப்ளான் வாடை அடித்தது. நாங்கள் அதற்காகவே அங்கே போய்த் தண்ணீர் கேட்போம்.

சின்னாத்தா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். ஒல்லியான உடம்பு, ஓயாத சிரிப்பு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அந்த வருஷம்தான் உண்டாகியிருந்தாள். வயிற்றின் மேல் என் கையை வைத்து, "ஏரோப்ளான் சத்தம் கேட்டா உள்ள இருக்கவுக உருளுதாக, பாரு" என்பாள். நிஜமாகவே உருளும்.

பங்குனியில் அப்பா நாள் குறித்தார். பந்தல் போட்டார். மேளம் சொன்னார். தாசில்தாரை அழைத்தார். சுற்றுப்பட்டுப் பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் ஆள் போனது, சின்னமனூர் மாமாவுக்கு மட்டும் போகவில்லை. அம்மா கேட்டதற்கு, "அவரு எதுக்கு? மேல இருந்து நாமதான் அவரு வீட்டைப் பாக்கப் போறம்" என்றார். அன்றைக்கு அழைக்கப்பட்டவர்களில் ஒருவரிடமும் கார் கிடையாது.

அன்று காலையில் ஏரோப்ளான் சொன்னபடி வந்து இறங்கியது. தாசில்தாரைத்தான் காணோம். ஓட்டுகிற துரை கையில் கட்டியிருந்த கடிகாரத்தையும் காத்துப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். உச்சி வேளை நெருங்கினால் மலை இடுக்கிலிருந்து காற்று சுழன்று இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். எப்போதும் அதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்.

அப்போதுதான் சின்னையா பந்தலுக்குள் வந்தார். துண்டு கக்கத்தில் இருந்தது. உதடு காய்ந்து போயிருந்தது.

"அண்ணே, அவளுக்கு நேத்தே வலி கண்டுருச்சு. பிள்ள குறுக்க கெடக்காம். மருத்துவச்சி கையை விரிச்சுட்டா. தொரைகிட்டக் கிளார்க்கு சொல்லிக் கேட்டேன். மருதைக்குக் கொண்டுபோயி ஆசுபத்திரியில சேத்துர்றேங்கிறாக. இப்பமே கெளம்பணும்கிறாக."

கிளார்க் என்றால் தோட்டத்துக் கிளார்க். துரைக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறவர் அவர்தான்.

அப்பா கல்நெஞ்சுக்காரர் இல்லை. அதை இப்போதும் சொல்வேன். சின்னையாவின் தோளில் கை வைத்துத்தான் பேசினார்.

"கூட்டிட்டுப் போகட்டும்டா. நான் வேண்டாம்னா சொல்லுவேன்? அந்தா தாசில்தாரோட குதிரை வண்டி வந்துருச்சு பாரு. இத்தனை பேரைக் கூப்பிட்டு வச்சுட்டு எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல முடியுமா? ஒரே சுத்து. வெத்திலை போட்டுத் துப்புற நேரம். எறங்கின கையோட ஆள் அனுப்புறேன், அவளை ஏத்திரலாம். அதுவரைக்கும் வீட்டுலயே படுத்திருக்கட்டும், வெயில்ல அலைக்காத."

சின்னையா அண்ணன் சொன்னதற்கு மேல் பேசிப் பழக்கமில்லாதவர். திரும்பி மூங்கில் பக்கம் போய் நின்றுகொண்டார்.

பட்டுச்சேலையில் தயாராக நின்ற அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் அருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் வரலைங்க."

"என்ன இது, சபை நெறைஞ்சு கெடக்கு."

"அவ அங்கன துடிச்சுக்கிட்டுக் கெடக்கா. நான் இங்கன ஆகாசத்துல உலாத்தப் போகவா? முதல்ல அவளை அனுப்புங்க. நாம நாளைக்குப் போவம்."

"நாளைக்குத் தாசில்தார் வருவாரா?"

அம்மா அதற்குமேல் நிற்கவில்லை. அந்தப் பச்சைப் பட்டோடு கொளுத்தும் வெயிலில் ஊரைப் பார்த்து நடந்து போய்விட்டாள். அப்பா முகம் கறுத்தது. சுற்றிலும் பார்த்தார். நான் நின்றேன். "நீ வா" என்றார்.

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. எட்டோ ஒன்பதோ வயது. சின்னாத்தாவின் வலி என் மனசில் ஓர் ஓரத்தில் கூட இல்லை. அம்மா வராததால் எனக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஓடினேன்.

ஏரோப்ளானுக்கு மாலை போட்டார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். சின்னையாதான் முன்பக்கத்து விசிறியைப் பிடித்து வீசிச் சுழற்றிவிட்டார். விலகி ஓடும்போது அவர் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். யாரையோ தேடுகிறார் என்று நினைத்தேன்.

மேலே போனதைப் பற்றி நிறையச் சொல்லலாம். வயிறு தொண்டைக்கு வந்து திரும்பிப் போனது. முல்லையாறு யாரோ உலரப் போட்ட சேலை மாதிரி வளைந்து கிடந்தது. நெல் வயல்கள் பாய் விரித்தது போல. கொக்குக் கூட்டம் எங்களுக்குக் கீழே பறந்தது. அப்பா என் கையை நசுக்கிப் பிடித்திருந்தார், அவருக்கும் வேர்த்திருந்தது. அப்புறம் எங்கள் ஊர் வந்தது. தாழ்ந்துதான் போனோம். சின்னையா வீட்டு வாசலில் கூண்டு வண்டி பூட்டி நின்றது. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

"அப்பா, அம்மா! அந்தா அம்மா நிக்குது!"

அப்பா சன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்து, தோளில் கிடந்த சரிகைத் துண்டை உருவி என்னிடம் கொடுத்தார்.

"காட்டு. நல்லாக் காட்டு. ஊரே பாக்கட்டும்."

வெள்ளைத் துண்டு. கையை வெளியே நீட்டி, காற்று பிடுங்கிக்கொண்டு போகாமல் இறுக்கிப் பிடித்து ஆட்டினேன். கீழே அம்மா இரண்டு கையையும் தூக்கினாள். அம்மா கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம்.

துரை மைதானத்தைப் பார்த்துத் திருப்பினார். அப்பா அறையின் பின்பக்கத்து ஓட்டை வழியாகக் கத்தினார். சின்னமனூர், சின்னமனூர் என்று கையைக் காட்டினார். துரை தலையை ஆட்டி மறுத்தார், கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அப்பா இரண்டு கையையும் கூப்பினார். நிலத்துக்காரர் கேட்டால் தட்டாதே என்று கம்பெனி சொல்லி வைத்திருந்ததாம், பிற்பாடு தெரிந்தது. துரை உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பினார். மாமா வீட்டு மாடியை இரண்டு முறை சுற்றினோம். மொட்டை மாடியில் வற்றல் காய்ந்ததுதான் தெரிந்தது, மாமாவைக் காணவில்லை. அது அப்பாவுக்குப் போதவில்லை. தெற்கே, இன்னும் தெற்கே என்று கையைக் காட்டினார். லோயர் கேம்ப் பக்கம் மலையிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் வெள்ளையாக இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம்.

அந்த நேரத்தில் கீழே நடந்தது அம்மா சொல்லிப் பிற்பாடு எனக்குத் தெரியும். அப்பா அனுப்பும் ஆளுக்காகக் காத்திருக்க அம்மாவுக்கு மனசில்லை. வண்டியைப் பூட்டச் சொல்லி, வைக்கோல் மெத்தை போட்டுச் சின்னாத்தாவைப் படுக்க வைத்து, உத்தமபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப இருந்தாள். மாடுகளை உத்தமபாளையம் பாதைக்குத் திருப்பியும் ஆகிவிட்டது. அப்போதுதான் மேலே வெள்ளைத் துணி ஆடியது. எங்கள் ஊர்ப் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கூப்பிடுறாக, வண்டியைத் திருப்பு, மைதானத்துக்கு ஓட்டு" என்று அம்மாதான் கத்தியிருக்கிறாள். அதற்காகத்தான் கையைத் தூக்கினாள்.

வண்டி மைதானத்துக்கு வந்தபோது ஏரோப்ளான் இல்லை. சின்னையா ஓடி வந்து, "யாரு வரச் சொன்னது?" என்று கேட்டாராம். "மேல இருந்து வெள்ளை காட்டுனாகளே" என்றாளாம் அம்மா. அவர் அண்ணாந்து பார்த்தாராம். வெறும் வானம். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று அத்தனை நேரமும் அந்த வெயிலில் கூண்டுக்குள் அவள் கிடந்தாள். பந்தலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் இறங்கியபோது காத்துப்பை விறைத்துப்போய் மைதானத்துக்குக் குறுக்காக நின்றது. மேளம் கொட்டியது. அப்பா கழுத்தில் மாலை மேல் மாலை விழுந்தது. என்னை யாரோ தோளில் தூக்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் வண்டியையும் அம்மாவையும் அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தேன். அம்மா முகத்தைப் பார்த்ததும் என்னைக் கீழே இறக்கச் சொல்லி அழுதேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

துரை ஒருவர்தான் ஓடினார். அவரே சின்னாத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் சாய்த்துப் படுக்க வைத்தார். எந்திரம் இரைந்தது. மைதானம் முழுக்க ஓடி, தரையை விட்டு எழும்பும் நேரத்தில் ஒரு பக்கத்து இறக்கையை யாரோ அடியிலிருந்து தூக்கிவிட்டது போல ஏரோப்ளான் சாய்ந்தது. ஜனங்கள் "ஆத்தி!" என்று அலறினார்கள். திரும்பி வந்து மறுபடி ஓட்டினார். மறுபடியும் அப்படியே. பிறகு எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, தலையிலிருந்த தோல் குல்லாயைக் கழற்றித் தரையில் எறிந்தார். அப்பாவைப் பார்த்து இங்கிலீஷில் என்னமோ சொன்னார். நீளமாகச் சொன்னார்.

"என்ன சொல்றாக?" என்று அப்பா கேட்டார்.

கிளார்க் தரையைப் பார்த்துக்கொண்டே, "காத்து சரியில்லைங்கிறாக" என்றார்.

சின்னாத்தாவை மறுபடி வண்டியில் ஏற்றி உத்தமபாளையம் பாதையில் விட்டார்கள். அம்மாவும் சின்னையாவும் கூடப் போனார்கள். ஆற்றைக் கடக்கும் முன்பே குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை. சின்னாத்தா பிழைத்ததே பெரிது, இனிமேல் உண்டாக வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மறுநாள் விடிந்து காற்று அடங்கியதும் துரை கிளம்பினார். சின்னையா வந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மாடுகளை விரட்டி, மைதானத்தை ஒரு முறை நடந்து பார்த்து, வெள்ளைத் துணியை எடுத்து ஆட்டினார். துரை எந்திரத்தைக் கிளப்பாமல் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனார். அவரை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. யுத்தம் வந்தது, கம்பெனி குத்தகையை விட்டுவிட்டது, காடு மறுபடியும் சோளக்காடானது.

அப்பா அவருக்குத் தெரிந்த வழியில் ஈடு செய்யப் பார்த்தார். கறவை மாடு ஒன்றைச் சின்னையா வீட்டில் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். சின்னையா வேண்டாம் என்று சொல்லவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அவர் மறுத்திருந்தால் எனக்கு இத்தனை காலம் இவ்வளவு கூசியிருக்காது. அம்மா வெகுநாள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்பாவோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஆத்தா, இங்கன வா, மேல பாத்ததைச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டு நிறுத்துவார். ஆறு சேலை மாதிரி, கொக்கு எங்களுக்குக் கீழே, என்று கையை இறக்கை போல விரித்துச் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் ஆச்சரியப்படுவார்கள், எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்றுகூடத் தெரியும். வண்டியைப் பார்த்ததை மட்டும் சொல்ல மாட்டேன். சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருந்தது.

சித்திரை கழிந்து ஒரு மத்தியானம் சின்னாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கப்புறம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை. முகம் வற்றிப்போயிருந்தது. அம்மா கொல்லைப்பக்கம் இருந்தாள். சின்னாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, என் தலையை அவிழ்த்துப் பேன் பார்த்தாள். விரல்கள் மெதுவாக ஊர்ந்தன. எனக்குத் தூக்கம் வருவது போல இருந்தது.

"ஏத்தா, எல்லாருக்கும் சொல்றியாம்ல. எனக்கு மட்டும் சொல்லலையே. மேல எப்படி இருந்துச்சு?"

எனக்குப் பழகிப்போன கதை. எழுந்து நின்று கையை விரித்தேன். வயிறு தொண்டைக்கு வந்ததைச் சொன்னேன். அவள் சரியான இடத்தில் சிரித்தாள். "குளுந்துச்சா?" என்று கேட்டாள். குளிர்ந்தது என்றேன். "சத்தத்துல காது அடைச்சுக்குமே?" அடைத்தது என்றேன். கொக்குக் கூட்டம் எங்களுக்குக் கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கொல்லையிலிருந்து உள்ளே வந்தாள். அப்படியே நின்றாள். அடுத்த கணம் என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது என் ஆயுசில் அது ஒன்றுதான். மறுபடியும் கை ஓங்கியது. சின்னாத்தா எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க்கா பிள்ளையை அடிக்கிறீக? நாந்தான் கேட்டேன். நான் போக இருந்த எடந்தானே, எப்படி இருந்துச்சுன்னு கேக்கக் கூடாதா?"

அம்மா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சின்னாத்தா அழவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "நீ சொல்லுத்தா, கொக்கு கீழ பறந்துச்சு, அப்புறம்?" என்றாள்.

கன்னம் எரிய எரிய நான் மிச்சத்தையும் சொன்னேன்.